வியாழக்கிழமையில் வலென்சியா

ஸ்பெயினுக்குப் போகிறவர்கள் பார்சிலோனாவையும் மாட்ரிட்டையும் பார்த்துவிட்டு, ஒரு நாள் மிஞ்சினால் வலென்சியாவுக்கு வருகிறார்கள். அந்த ஒரு நாளை எந்தக் கிழமையில் வைத்துக்கொள்வது என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. வியாழக்கிழமை என்று நான் அடித்துச் சொல்வேன். அதற்குக் காரணம், வாய்க்கால் தண்ணீர்த் தகராறுகளைத் தீர்க்க வியாழக்கிழமைதோறும் கூடும் ஒரு நீதிமன்றம். உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் மதகு, மடை, வாய்க்கால் தகராறு என்றே கழித்தவனுக்கு வேறு எது கண்ணில் படும்? "கடல் இருக்கு, பெரிய அக்வேரியம் இருக்கு. நீங்க என்னப்பா, இதையே பிடிச்சிக்கிட்டுத் தொங்குறீங்க?" என்று அங்கே படிக்கும் என் மகள் சலித்துக்கொண்டாள். பிறகு அவளும்தான் கூட வந்தாள்.

பழைய நகரத்துக்கு வண்டி வேண்டாம். மெட்ரோ ஓரத்தில் இறக்கிவிடும், உள்ளே நுழையாது. சுற்றியிருந்த மதில் சுவரை 1865-இல் இடிக்கத் தொடங்கினார்கள். சுவர் நின்ற தடத்தில் இப்போது அகலமான சாலை ஓடுகிறது. அதற்குள் இருக்கும் எல்லாம் நடை தூரம்தான். சந்துகள் வளைந்து வளைந்து போகும், வழி தவறினாலும் பத்து நிமிடத்தில் ஏதாவது ஒரு சதுக்கத்தில் கொண்டுபோய் விடும்.

காலையில் முதலில் மத்திய சந்தை. 1928-இல் திறந்தது. 8,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு, மேலே இரும்பும் கண்ணாடியும் வண்ண ஓடுகளுமாகக் குவிமாடம், அதன் உச்சியில் காற்றுக்குத் திரும்பும் ஒரு கிளி. சுற்றுலாக்காரர்கள் பழச்சாற்றுக் கோப்பையோடு கிளியைப் படம் பிடித்துக்கொண்டிருக்க, நடுவில் உள்ளூர்ப் பெண்கள் தள்ளுவண்டிப் பையை இழுத்துக்கொண்டு காரியமாகப் போகிறார்கள். ஒரு காய்கறிக் கடை முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், வரிசை என்று எதுவும் இல்லை. புதிதாக வந்த ஒரு பாட்டி, "கடைசி ஆள் யார்?" என்று பொதுவாகக் கேட்டார். ஒருவர் கையைத் தூக்கினார். அவ்வளவுதான், பாட்டி கவலையில்லாமல் பக்கத்துக் கடைக்குப் போய் விலாங்கு மீனைப் பேரம் பார்த்துவிட்டு, தன் முறைக்குச் சரியாகத் திரும்பி வந்தார். முறை என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறியது என்று அப்போதே தோன்றியது.

விலாங்கு, ஊருக்குத் தெற்கே உள்ள அல்புஃபேரா ஏரியிலிருந்து வருகிறது. ஏரியைச் சுற்றி நெல் வயல். தட்டையான பெரிய வெள்ளை மொச்சை, குங்குமப்பூ, கூடையில் ஊரும் நத்தை என்று பாயேயா என்ற சோற்று உணவுக்கு வேண்டிய சாமான் எல்லாம் இங்கேயே கிடைத்துவிடும். சந்தைக்கு ஞாயிறு விடுமுறை, மற்ற நாட்களில் மதியம் மூன்று மணியோடு சரி.

சந்தைக்கு எதிரே தெருவைக் கடந்தால் பட்டு மாளிகை. வலென்சியா மத்தியதரைக் கடல் வணிகத்தில் கொழித்த பதினைந்தாம் நூற்றாண்டில், 1482-இல் தொடங்கிக் கட்டியது. பேரே கொம்ப்தே என்ற கொத்தனார் தலைவரின் கைவரிசை. வியாபாரிகள் பேரம் முடித்துக் கையெழுத்திட்ட பெரிய கூடத்தில், முறுக்கிப் பிழிந்த துணி போலக் கல் தூண்கள் 17 மீட்டருக்கு மேல் எழுந்து கூரையில் விரிகின்றன. சுவரின் மேல் ஓரமாக நான்கு பக்கமும் லத்தீன் எழுத்துகள் ஓடுகின்றன. வாக்குத் தவறாமல், வட்டிக்கு விடாமல் தொழில் செய்கிறவன் செல்வமும் மோட்சமும் அடைவான் என்பது அதன் சாரம். எழுத்தை மட்டும் நம்பி அவர்கள் இருந்துவிடவில்லை, கடனைத் திருப்பித் தராத வியாபாரியை அடைத்து வைக்கப் பக்கத்துக் கோபுரத்தில் அறையும் கட்டினார்கள். 1996-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வெளிச்சுவரில் மழைநீர் விழும் கல் உருவங்கள் சில படு ஆபாசம். பிள்ளைகளோடு போகிறவர்கள் அண்ணாந்து பார்க்காமல் நடப்பது உத்தமம்.

சாந்தா கத்தலினா தேவாலயத்தை ஒட்டி 107 சென்டிமீட்டர் அகல முகப்புள்ள வீடு ஒன்று இருக்கிறது. கூட்டம் கூட்டமாகச் செல்ஃபி எடுக்கிறார்கள். எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

நீதிமன்றத்தைப் பார்க்க, பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே கதீட்ரலின் அப்போஸ்தலர் வாசலுக்குப் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் முதுகுகளைத்தான் பார்க்கலாம். வாசலுக்கு முன் இரும்புக் கிராதி வைத்து, உள்ளே தோல் முதுகு வைத்த மர நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டிருப்பார்கள். துரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களுக்கும் ஆளுக்கொரு நாற்காலி. மணிக்கூண்டில் பன்னிரண்டு அடித்ததும் கறுப்பு அங்கி போட்ட எட்டுப் பேர் வந்து உட்காருகிறார்கள். வழக்கறிஞரோ, சம்பள நீதிபதியோ அவர்களில் இல்லை. அந்தந்த வாய்க்காலில் நீர் பாய்ச்சும் விவசாயிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த விவசாயிகள்தான்.

பித்தளைக் கொக்கி பிடித்த சேவகர் ஒருவர் எழுந்து, ஒவ்வொரு வாய்க்காலாகப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டப்பட்டவர்களைக் கூப்பிடுகிறார்: குவார்ட், பெனாகெர், மிஸ்லாதா, ஃபவாரா, ராஸ்கான்யா... மெஸ்தால்யா என்றபோது கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஊரின் கால்பந்து மைதானத்துக்கும் அதே பெயர். வாய்க்கால் முந்தியது, மைதானம்தான் அதன் பெயரை எடுத்துக்கொண்டது.

நாங்கள் போன அன்று யாரும் வரவில்லை. கூப்பிட்டு முடித்ததும் எழுந்து போய்விட்டார்கள். "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். பெரும்பாலான வாரங்கள் இப்படித்தான். தண்ணீர்ச் சண்டையில் பாதி, வியாழக்கிழமை எல்லார் முன்னாலும் நிற்க வேண்டியிருக்குமே என்ற கூச்சத்திலேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவத்துக்கு நன்றாகவே புரிகிறது. வழக்கு வந்தால், முறை மீறி மடை திறந்தது, அடுத்தவன் வயலில் தண்ணீரை வழியவிட்டது, தன் பங்கு வாய்க்காலைத் தூர் வாராதது என்றுதான் இருக்கும். விசாரணை முழுக்க வாய்மொழி, வலென்சிய மொழியில். யார் பேசலாம் என்பதைத் தலைவர் காலை நீட்டிக் காட்டுகிறார். குற்றம் சாட்டப்பட்டவரின் வாய்க்கால் பிரதிநிதி தீர்ப்பில் கலந்துகொள்ள மாட்டார். துரியாவின் வடகரை ஆள் மீது புகார் என்றால் தண்டனையைத் தென்கரைக்காரர்கள்தான் முன்மொழிய வேண்டும், தென்கரை ஆள் என்றால் வடகரைக்காரர்கள். தீர்ப்பு அங்கேயே, அப்போதே. மேல்முறையீடு கிடையாது. எத்தனையோ கமிட்டிகளில் உட்கார்ந்து எழுந்த எனக்கு, எதிர்க்கரைக்காரர்கள் தண்டனை சொல்லும் அந்த ஒரு விதி மட்டுமே விமான டிக்கெட் காசுக்குத் தகும்.

வாய்க்கால்கள் அரபு ஆட்சிக் காலத்தவை. 1238-இல் நகரைப் பிடித்த அரசர் முதலாம் ஹாவுமே பள்ளிவாசலைக் கதீட்ரலாக்கினார், பாசன உரிமைகளை மட்டும் இருந்தபடியே விட்டுவைத்தார். ஆட்சி மாறினாலும் பயிர் காத்திருக்காதே. 2009-இல் யுனெஸ்கோ இந்த நீதிமன்றத்தையும் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கதீட்ரல் வாசல் முன்னுள்ள சதுக்கத்தில் ஒரு நீரூற்று: நடுவில் சாய்ந்து படுத்திருக்கும் ஆண் துரியா ஆறு, சுற்றிலும் குடம் ஏந்திய எட்டுப் பெண்கள் எட்டு வாய்க்கால்கள். கதீட்ரல் மணிக்கூண்டுக்கு 207 படி, முழங்கால் இடம் கொடுத்தால் ஏறலாம். உள்ளே, இயேசு கடைசி விருந்தில் பயன்படுத்தியது என்று நம்பப்படும் அகேட் கல் கிண்ணம் இருக்கிறது.

பாயேயா மதிய உணவு, இரவில் உள்ளூர்க்காரர்கள் தொடுவதில்லை. முயலும் கோழியும் போட்டதுதான் அசல். சட்டியின் அடிக்காந்தலுக்குப் போட்டி நடக்கும். சைவர்கள் காய்கறி பாயேயா கேட்கலாம், அரிசியை வேகவைத்த சாறு எதில் செய்தது என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஓர்சாத்தா: கோரை இனத்துக் கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, சர்க்கரை சேர்த்துக் குளிரவைத்த பால். வெயிலுக்கு அதை மிஞ்சிய பானம் எனக்குத் தெரியாது.

வெயில் தாழ்ந்ததும் வடக்கே செர்ரானோஸ் வாசல். 1392-இல் தொடங்கி 1398-இல் முடித்த இரட்டைக் கோபுரம். சுமார் 300 ஆண்டு பிரபுக்களுக்கான சிறையாக இருந்ததால்தான் மதிலோடு சேர்ந்து இடிபடாமல் தப்பியது. உள்நாட்டுப் போர் வெடித்து 1936-இல் குடியரசு அரசாங்கம் வலென்சியாவுக்கு வந்தபோது, மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியக ஓவியங்களையும் கொண்டுவந்தார்கள். வெலாஸ்கெஸ், கோயா எல்லாம் லாரியில் வந்தன. குண்டு விழுந்தால் தாங்க வேண்டுமென்று கோபுரத்துக்குள் கனத்த கான்கிரீட் தளம் போட்டு, அதிர்ச்சியை உறிஞ்ச அதன்மேல் உமியைக் கொட்டினார்கள். நெல் விளையும் ஊரில் உமிக்கா பஞ்சம்!

கோபுரத்தின் மேலிருந்து பார்த்தால் கீழே ஆற்றுப்பாலம், பாலத்தின் அடியில் புல்வெளி. ஆற்றையே தள்ளி வைத்துவிட்டார்கள். 1957 அக்டோபர் 14 வெள்ளத்தில் குறைந்தது 81 பேர் இறந்தார்கள். ஊருக்குத் தெற்கே விநாடிக்கு 5,000 கனமீட்டர் போகும்படி புதிய கால்வாய் வெட்டி துரியாவைத் திருப்பினார்கள். பழைய படுகையில் விரைவுச்சாலை போடத் திட்டமிருந்தது. ஜனங்கள் விடவில்லை, பச்சையாகவே வேண்டும் என்று போராடி வாங்கினார்கள். இன்று அது ஒன்பது கிலோமீட்டர் பூங்கா.

2024 அக்டோபர் 29 இரவு மீண்டும் பெருவெள்ளம் வந்தபோது பழைய நகரத்துக்குள் ஒரு சொட்டும் வரவில்லை. புதிய கால்வாய் தன் வேலையைச் செய்தது. அதற்குத் தெற்கே, போயோ காட்டாறு பாய்ந்த பைபோர்தா முதலிய ஊர்கள் அழிந்தன. வலென்சியா மாகாணத்தில் 220 பேருக்கு மேல் இறந்தார்கள். கைபேசி எச்சரிக்கை இரவு எட்டு மணிக்குப் பிறகு வந்தது, அதற்குள் பல தெருக்கள் மூழ்கிவிட்டன. காட்டாற்றின் வெள்ளப் பரப்பில் வீடு கட்ட யார் அனுமதித்தது என்று இன்னும் சண்டை நடக்கிறது. என்னைக் கேட்டால் கால்வாயைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதன் தென்கரையை வரைபடத்திலேயே விட்டுவிட்டவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த வாரம் நகரத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் மண்வெட்டியும் துடைப்பமுமாக, கால்வாய் மேலுள்ள நடைபாலத்தைக் கடந்து சேறு அள்ளப் போனார்கள். என் மகளும் அவர்களில் ஒருத்தி. அந்த நடைபாலத்துக்கு இப்போது ஒற்றுமைப் பாலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எந்தச் சுற்றுலா வண்டியும் அங்கே நிற்பதில்லை. நகரப் பேருந்தில் போகலாம்.