கதவு எண் யாருக்கு வேண்டும்? அரசியல்வாதிகளின் அந்தரங்கமும் இணையமும்

"அரசியல்வாதிதானே, அவங்களுக்கு என்ன பிரைவசி?" என்று யாராவது சொன்னால் நம்மில் பலர் தலையாட்டிவிடுவோம். மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறார்கள். ஓட்டு கேட்டு நம் வீட்டு வாசல் வரைக்கும் வருகிறார்கள். அவர்களுடைய விலாசமும் போன் நம்பரும் வாட்ஸ்அப் பேச்சும் இணையத்தில் வந்துவிட்டால் என்ன குடிமுழுகிவிடும்?

கேள்வி நியாயமானதுதான். மேடையில் நின்று இதற்குப் பதில் சொல்வதைவிட, நடந்த சம்பவங்களை எடுத்துப் பார்ப்பது நல்லது. அப்படிப் பார்த்தால் ஜெர்மனியில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

தினம் ஒரு கதவு

ஐரோப்பியக் கிறிஸ்தவ நாடுகளில் 'அட்வென்ட் காலண்டர்' என்று ஒன்று உண்டு. டிசம்பர் 1 முதல் 24 வரை தினமும் ஒரு சின்ன அட்டைக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு சாக்லேட்டோ படமோ இருக்கும். குழந்தைகளுக்கான விஷயம். 2018 டிசம்பரில் ட்விட்டரில் ஒரு கணக்கு இதே பாணியில் தினமும் ஒரு 'கதவை'த் திறந்தது. உள்ளே இருந்தது ஆட்களின் அந்தரங்கம். முதலில் டிவி, யூடியூப் பிரபலங்கள். பிறகு அரசியல்வாதிகள். மொபைல் எண்கள், வீட்டு விலாசங்கள், அடையாள அட்டைப் பிரதிகள், கடிதங்கள், குடும்பத்தாரோடு நடந்த சாட் உரையாடல்கள் எல்லாம் வந்தன.

வேடிக்கை என்னவென்றால், மாதம் முழுக்க இது நடந்தும் நாடு கவனிக்கவே இல்லை. 2019 ஜனவரி முதல் வாரத்தில்தான் விஷயம் வெடித்தது. கணக்குப் பார்த்தால் பாதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். பாராளுமன்றத்தில் இருந்த கட்சிகளில் ஏஎஃப்டி என்ற தீவிர வலதுசாரிக் கட்சியைத் தவிர மற்ற எல்லாக் கட்சிக்காரர்களும் பட்டியலில் இருந்தார்கள்.

ரஷ்யாவா, வேறு ஏதாவது நாட்டின் உளவுத்துறையா என்று எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, போலீஸ் போய் நின்றது ஹெஸ்ஸே மாநிலத்தில் ஒரு சிறு ஊரில். பெற்றோர் வீட்டில் தங்கியிருந்த 20 வயதுப் பையன். தனியாகத்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டான். ஏன் என்று கேட்டதற்கு, அவர்கள் பொதுவெளியில் பேசியது எரிச்சலாக இருந்தது என்றான். பலருடைய பாஸ்வேர்ட் அவ்வளவு எளிதாக இருந்ததைப் பார்த்துத் தான் அதிர்ந்துபோனதாக அன்றைய உள்துறை அமைச்சர் ஹார்ஸ்ட் ஸீஹோஃபரே சொன்னார். 2020இல் அந்த இளைஞனுக்கு இளையோர் சட்டப்படி ஒன்பது மாதத் தண்டனை கிடைத்தது. நிறுத்திவைக்கப்பட்ட தண்டனைதான், சிறைக்குப் போகவில்லை.

இத்தனை பேருடைய இத்தனை ஆவணங்கள் வெளியே வந்ததில் ஒரு ஊழலாவது அம்பலமானதா? நாட்டை உலுக்கும் எதுவும் கிளம்பவில்லை. யார் யாரிடம் லஞ்சம் வாங்கினார் என்பது வரவில்லை. யார் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதுதான் வந்தது. பசுமைக் கட்சியின் இணைத்தலைவராக இருந்த ராபர்ட் ஹாபெக் தன் மனைவி மக்களோடு பேசியவை ஊருக்கே தெரிந்த பிறகு, ஜனவரி 7ஆம் தேதி ட்விட்டரையும் ஃபேஸ்புக்கையும் விட்டு விலகுவதாக அறிவித்தார். (அதே சமயத்தில் அவர் பேசிய ஒரு வீடியோ சர்ச்சையானதும் ஒரு காரணம்.) 2021 டிசம்பரில் துணைச் சான்சலர் ஆனபோதும் அவர் ட்விட்டர் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

அந்த உரையாடல்களில் மறுமுனையில் இருந்தவர்கள் யாரும் தேர்தலில் நின்றவர்கள் இல்லை. அரசியல்வாதியின் போனைத் திறந்தால் அவருடைய பிள்ளை, அக்கா, டாக்டர், உதவி கேட்டு எழுதிய தொகுதிக்காரர் என்று எல்லோருமே கூடவே வந்து விழுகிறார்கள். "பொது வாழ்க்கைக்கு வந்துட்டா இதையெல்லாம் தாங்கித்தான் ஆகணும்" என்ற வாதம் அவர்களுக்குப் பொருந்தாது.

விலாசம் செய்யும் வேலை

இதைச் சங்கடம் என்ற அளவோடு விட்டுவிடலாம் என்று தோன்றினால், அதே ஹெஸ்ஸே மாநிலத்தில் நடந்த இன்னொன்றையும் பார்க்க வேண்டும்.

வால்டர் லூப்கே காஸ்ஸல் வட்டாரத்தின் நிர்வாகத் தலைவர். ஆங்கெலா மெர்கெலின் கட்சிக்காரர். 2015 அக்டோபரில் அகதிகளுக்கான தங்குமிடம் பற்றி விளக்க ஒரு கூட்டம் நடத்தினார். கூட்டத்தில் சிலர் கூச்சல் போட்டார்கள். இந்த நாட்டின் விழுமியங்கள் பிடிக்காதவர்கள் வெளியேறிக்கொள்ளலாம், அந்தச் சுதந்திரம் எல்லோருக்கும் உண்டு என்று பதில் சொன்னார். அந்தச் சில நொடிகள் வீடியோவாகச் சுற்றியது. மிரட்டல்கள் குவிந்தன. அவருடைய வீட்டு விலாசத்தையும் இணையத்தில் போட்டார்கள்.

வருடங்கள் போயின. பேச்சு மறந்துபோயிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2019 ஜூன் முதல் வாரத்தில் ஒரு நள்ளிரவு, தன் வீட்டு வராந்தாவில் இருந்த லூப்கேயை ஒருவன் தலையில் சுட்டுக் கொன்றான். 2015 கூட்டத்தில் இருந்த ஒரு தீவிர வலதுசாரிதான் அவன். 2021 ஜனவரியில் ஃப்ராங்க்ஃபர்ட் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது.

இணையத்தில் போட்ட விலாசம்தான் கொலைகாரனை அங்கே கூட்டிப்போனது என்று நான் சொல்லவில்லை. அதை நிரூபிக்க முடியாது. ஆனால் கோபத்தோடு ஒரு விலாசத்தைப் போடுகிறவர், அதைப் படிக்கிற ஆயிரம் பேரில் யார் என்ன செய்வார் என்பதைத் தன் கையில் வைத்திருக்கவில்லை. பதிவைப் பிறகு அழிக்கலாம். படித்தவன் தலையில் இருந்து அழிக்க முடியாது.

ஜெர்மனி இதில் இருந்து ஒரு பாடம் எடுத்துக்கொண்டது. 2021 செப்டம்பரில் குற்றவியல் சட்டத்தில் 126அ என்ற புதிய பிரிவு நடைமுறைக்கு வந்தது. ஒருவரைக் குற்றச்செயலுக்கு ஆளாக்கும் விதத்தில் அவருடைய விவரங்களைப் பரப்பினால் இரண்டு ஆண்டு வரை சிறை. பொதுவில் கிடைக்காத விவரமாக இருந்தால் மூன்று ஆண்டு வரை. ஏற்கனவே பொதுவில் இருக்கும் விவரத்தைப் பரப்புவதும் இதற்குள் வருகிறது என்பதைக் கவனியுங்கள். "கூகுள்ல தேடினாலே கிடைக்குமே" என்ற சமாதானம் அங்கே செல்லாது.

அது ஏன் செல்லக்கூடாது? டெலிபோன் டைரக்டரியில் ஒரு பெயர் இருப்பதும், "இவன் துரோகி" என்ற தலைப்பின் கீழ் அதே பெயரும் தெருவும் கதவு எண்ணும் இருப்பதும் ஒன்றல்ல. எழுத்து அதேதான், ஆனால் இரண்டாவது பட்டியல் ஒரு வேலையைச் சொல்கிறது. சிதறிக் கிடப்பதைச் சேர்த்துக் கொடுப்பதே தனியான ஒரு செயல். 2025 ஜூன் 14 அன்று அமெரிக்காவின் மினசோட்டாவில் மாநில அவை உறுப்பினர் மெலிசா ஹார்ட்மனும் அவர் கணவரும் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சந்தேக நபரின் குறிப்பேடுகளில் அரசியல்வாதிகளின் பெயர்ப் பட்டியலும், ஆட்களின் விலாசத்தைத் தேடித்தரும் இணையதளங்களின் பட்டியலும் இருந்ததாக அரசுத் தரப்பு சொன்னது. எல்லாமே யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கக்கூடிய தளங்கள்.

இந்தியாவில் தலைகீழ்

இங்கே நம் ஊர் வாசகர் ஒருவர் கையைத் தூக்குவார். "நம்ம நாட்டுல வேட்பாளர் விலாசம், போன் நம்பர், நகை, நிலம் எல்லாத்தையும் தேர்தல் ஆணையமே வெளியிடுதே?"

உண்மை. 2002இல் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் தொடுத்த வழக்கிலும், 2003இல் பியூசிஎல் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னதன் விளைவு அது. வேட்பாளரின் குற்ற வழக்குகள், சொத்து, கடன், படிப்பு ஆகியவற்றைத் தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்றானது. அதனால்தான் இன்று படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தில் மனைவி அல்லது கணவரின் வருமானம் வரைக்கும் எழுதிக் கொடுக்கிறார்கள். எந்தக் கட்சியும் இதை விரும்பிச் செய்யவில்லை. அந்தக் கதவை நீதிமன்றம்தான் திறந்தது, திறந்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதற்கும் முன்னால் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று இருக்கிறது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையை நக்கீரன் வெளியிட முயன்றது. அதில் உயர் அதிகாரிகளுக்கும் அவனுக்கும் இருந்த தொடர்புகள் பற்றிப் பேச்சு வருகிறது என்பதால் சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. 1994இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனிமனித அந்தரங்கம் ஒரு உரிமைதான். ஆனால் பொது ஆவணங்களில் இருப்பதை எழுதலாம், அரசுப் பதவியில் இருப்பவர் தன் பதவிக் கடமை சார்ந்த செயல்களுக்கு அந்தரங்கம் என்ற திரையைப் போட முடியாது, வெளியாகும் முன்பே தடை போடும் அதிகாரமும் அரசுக்குக் கிடையாது.

அப்படியானால் எல்லை எங்கே? 2024 ஏப்ரலில் அருணாச்சலப் பிரதேச எம்எல்ஏ ஒருவரின் வழக்கில் ஒரு பதில் வந்தது. குடும்பத்தாரின் பெயரில் பதிவில் இருந்த மூன்று வண்டிகளைக் காட்டவில்லை என்று அவருடைய தேர்தலை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வேட்பாளர் தன் வாழ்க்கையை முழுக்கப் பிரித்துக் காட்ட வேண்டியதில்லை, வாக்காளருக்குச் சம்பந்தமில்லாத விஷயங்களில் அவருக்கும் அந்தரங்க உரிமை உண்டு என்றது. அதே மூச்சில், அவருடைய ஆடம்பர வாழ்க்கையைக் காட்டும் அளவுக்கு விலை உயர்ந்த பொருள் என்றால் மறைக்கக் கூடாது என்றும் சொன்னது.

இதைத்தான் நான் கட்டுரையின் மையமாகப் பிடித்துக்கொள்கிறேன். ஒரு அமைச்சருக்கு எத்தனை வீடு, எப்போது வாங்கினார், என்ன விலை, பணம் எங்கிருந்து வந்தது என்பது ஓட்டுப் போடுகிறவருக்கு வேண்டிய தகவல். கதவு எண் அந்த வாசலுக்குப் போக நினைக்கிறவனுக்கு மட்டும் வேண்டிய தகவல். வீடு ஒன்றுதான், அது பற்றிய தகவலில் இரண்டு வகை. இந்த அளவுகோலில் வைத்தால் நம் பிரமாணப் பத்திர முறையிலும் ஒரு கேள்வி எழுகிறது. சொத்துக் கணக்கு எல்லோருக்கும் தெரியட்டும். விலாசமும் மொபைல் எண்ணும் தேர்தல் அதிகாரியிடம் இருந்தால் போதாதா? உள்ளாட்சித் தேர்தலில் முதல் தடவை நிற்கிற ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டு இதற்குப் பதில் யோசித்துப் பாருங்கள். பெரிய தலைவருக்கு வாசலில் போலீஸ் காவல் இருக்கிறது, அந்தப் பெண்ணுக்கு இல்லை.

கேடயமாகும் பிரைவசி

இதில் எதிர்ப்பக்கத்து ஆபத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. அந்தரங்கம் என்ற சொல் அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு மிகவும் பிடித்த சொல். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் திருத்தியது. முன்பு 'பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத' தனிப்பட்ட தகவலுக்குத்தான் விலக்கு. அதுவும் பெரிய பொதுநலன் இருந்தால் கொடுத்தாக வேண்டும். திருத்தம் அந்த நிபந்தனைகளை எடுத்துவிட்டு 'தனிப்பட்ட தகவல்' என்று மட்டும் விட்டது. பொதுநலனுக்காகக் கொடுக்கலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. ஆனாலும் மறுக்க நினைக்கிற அதிகாரிக்கு வேலை சுலபமாகிவிட்டது.

மறைப்பதன் விளைவு என்ன என்பதும் தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2016 செப்டம்பர் 22 முதல் டிசம்பர் 5 வரை முதல்வர் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்த 75 நாட்களை நினைத்துப் பாருங்கள். வதந்தி பரப்பியதாகச் சிலரைக் கைது செய்தார்கள். வதந்தி நின்றதா? பதவியில் இருக்கும் முதல்வரால் முடிவெடுக்க முடிகிறதா என்பது மக்களுக்குத் தெரிய வேண்டியது. என்ன மாத்திரை, எந்த அறை, யார் வந்து அழுதார்கள் என்பது அப்படியல்ல. முதல் வகையைச் சொல்லாமல் விட்டதால்தான் இரண்டாவது வகையை ஊர் தோண்டிக்கொண்டிருந்தது.

ஆக, கையில் ஒரு அரசியல்வாதியின் தகவல் வந்து சேர்ந்தால் ஷேர் பட்டனை அழுத்துவதற்கு முன் மூன்று கேள்வி போதும். இது அவர் பதவியில் செய்ததை எடைபோட உதவுகிறதா? உதவுகிறது என்றால், அதற்கு இவ்வளவு துல்லியம் தேவையா, எண்ணையும் தெருவையும் மறைத்தாலும் விஷயம் விளங்குமா? இதில் ஓட்டு கேட்காத வேறு யாராவது மாட்டிக்கொள்கிறார்களா?

முதல் கேள்விக்கு ஆமாம் என்றால் பயப்படாமல் வெளியிடுங்கள். நக்கீரன் வழக்கு உங்கள் பக்கம் இருக்கிறது. இல்லை என்றால் நீங்கள் அம்பலப்படுத்துவது ஒன்றுமில்லை, யாரோ ஒருவனுக்கு வழி காட்டுகிறீர்கள், அவ்வளவுதான். அவன் யார் என்று உங்களுக்குத் தெரியாது.