அதிர்வின்றிக் கியர் மாற்றுதல்

ஒருவருக்கு மோட்டார் வண்டியில் கியர் மாற்றத் தெரியுமா தெரியாதா என்பதை அறிய அவரைப் பார்க்க வேண்டியதில்லை. அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் தலையைப் பார்த்தால் போதும். கியர் மாறுந்தோறும் அத்தலை முன்னும் பின்னும் ஆடுமாயின், ஓட்டுபவர் கியரைப் போடுகிறாரே ஒழிய மாற்றவில்லை என்று கொள்ளலாம். ஓட்டும் இன்பத்தையே முதன்மையாகக் கருதிச் செய்யப்படும் ஸ்போர்ட்ஸ் கார்களில் இக்குறை இன்னும் நன்றாக வெளிப்படும். வண்டி இலேசானது, எஞ்சினோ விரைந்து ஏறி விரைந்து இறங்குவது. கனத்த குடும்பக் காரில் மறைந்து போகும் பிழை இங்கே முதுகெலும்பில் தெரியும்.

கையில் வலிமை போதாமையே இதற்குக் காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். வேறு சிலர், கை விரைந்து செயற்பட்டால் சரியாகிவிடும் என்கின்றனர். இரண்டும் பொருந்தா. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பொருள்களைத் திடீரென்று ஒன்றாகப் பிணைத்தால் அதிர்ச்சி உண்டாகும். முன்னரே வேகத்தை ஒன்றாக்கிக்கொண்டு பிணைத்தால் உண்டாகாது. திருவிழாவில் சுற்றிக்கொண்டிருக்கும் குடை ராட்டினத்தில் ராட்டினக்காரன் தாவி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அவன் நின்ற இடத்திலிருந்து தாவுவதில்லை. ராட்டினத்தோடு கூடவே நாலடி ஓடி, தன் வேகமும் அதன் வேகமும் ஒன்றாகும் கணத்தில் காலை எடுத்து வைக்கிறான். கியர் மாற்றுவதில் உள்ள சூட்சுமம் அவ்வளவே. ஆனால் எதனுடைய வேகத்தை எதனோடு ஒன்றாக்குவது என்பதைத்தான் சற்று விரிவாகக் காண வேண்டும்.

பேச்சு வெறும் பேச்சாகப் போய்விடாதிருக்க, உண்மையான வண்டியொன்றை எடுத்துக்கொள்வோம். ஜப்பானிய மாஸ்டா நிறுவனம் 1989-ஆம் ஆண்டில் வெளியிட்ட எம்எக்ஸ்-5 மியாட்டா என்ற இருவர் அமரும் திறந்த வண்டி அது. எடை ஒரு டன்னுக்கும் குறைவு, 1.6 லிட்டர் எஞ்சின். முன்னோக்கிச் செல்ல ஐந்து கியர். எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்குச் செல்கிறது. உலகெங்கும் கியர் மாற்றும் கலையைப் பலர் இவ்வண்டியில்தான் கற்றனர் என்றால் மிகையன்று. நம் சாலைகளில் இதைக் காண்பது அரிது. எனினும் கணக்குச் செய்வதற்கு வண்டி எதிரில் நிற்க வேண்டியதில்லை அல்லவா? தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வண்டியின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ 1.81 மீட்டர் நகரும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்குச் சரியாக 1000 மீட்டர். ஆகவே சக்கரம் நிமிடத்துக்கு 552 முறை சுற்றுகிறது. பின் அச்சில் உள்ள பற்சக்கரங்களின் விகிதம் 4.3. அதனால் பெருக்கினால், கியர்ப் பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டு சுமார் 2375 முறை சுற்றுகிறது என்பது கிடைக்கும். இனி ஒவ்வொரு கியருக்கும் ஒரு விகிதம் உண்டு: முதற் கியருக்கு 3.136, இரண்டாவதற்கு 1.888, மூன்றாவதற்கு 1.330, நான்காவதற்குச் சரியாக 1, ஐந்தாவதற்கு 0.814. ஆகவே மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாம் கியரில் எஞ்சின் 4485 சுற்றும், மூன்றாம் கியரில் 3160 சுற்றும், நான்காம் கியரில் 2375 சுற்றும், ஐந்தாம் கியரில் 1935 சுற்றும் சுழல வேண்டும். முதற் கியரில் ஓட்ட முயன்றால் 7450 வரும். அவ்வெஞ்சின் தாங்கும் எல்லை ஏறத்தாழ 7000 ஆதலின் அது கூடாது.

இந்த எண்களில் கியர் மாற்றும் கலை முழுவதும் அடங்கியிருக்கிறது. வண்டியின் வேகம் மாறவில்லை. கியரை மாற்றியதும் எஞ்சினின் வேகம் மட்டும் வேறொன்றாக வேண்டும். மூன்றிலிருந்து நான்குக்குப் போனால் 785 சுற்றுக் குறைய வேண்டும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் 1325 சுற்று ஏற வேண்டும். முதற் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாறும்போது குலுக்கல் ஏன் மிகுதியாக இருக்கிறது என்பதும் இப்போது விளங்கும். மணிக்கு 30 கிலோமீட்டரில் அம்மாற்றத்தைச் செய்தால் எஞ்சின் 3725-லிருந்து 2245-க்கு இறங்கியாக வேண்டும். நான்கிலிருந்து ஐந்துக்கு மாறும்போது இறக்கம் சிறிது. அதனால் அங்கே எல்லாரும் வல்லவராகத் தோன்றுகின்றனர்.

மேற்கியருக்குப் போவதை முதலில் பார்ப்போம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கிளட்ச்சை மிதித்ததும் எஞ்சின் தனித்து விடப்படுகிறது. அதன் சுழற்சி தானே குறையத் தொடங்குகிறது. அது 3160-லிருந்து 2375-க்கு இறங்கி வரும் நேரத்துக்குள் கை கியரை மாற்றிவிட்டு, சரியான கணத்தில் கால் கிளட்ச்சை விட வேண்டும். முந்திக்கொண்டு விட்டால் எஞ்சின் வண்டியை முன்னே தள்ளும். தலை பின்னே சாயும். காலந்தாழ்த்தி விட்டால் எஞ்சின் மிகவும் இறங்கிப்போயிருக்கும். அதை ஏற்றிவிடும் வேலை வண்டியின் தலையில் விழும். இப்போது பயணியின் தலை முன்னே கவிழும். ஆகவே விரைவு என்பது இங்கே தனக்குத்தானே ஒரு நற்குணம் ஆகாது. எஞ்சினின் கனத்த சுழல்தட்டு எவ்வளவு நேரத்தில் வேகம் இழக்கிறதோ அந்த நேரத்துக்குக் கை ஒத்துப்போக வேண்டும். அதைக் கண்டுகொள்ளச் சுழற்சிமானியைப் பார்ப்பதைவிடச் செவியைப் பழக்குவதே மேல். கண் சாலையில் இருக்க வேண்டியது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். ‘இக்காலத்துக் கியர்ப் பெட்டியில் வேகத்தை ஒன்றாக்கும் அமைப்பு உள்ளேயே இருக்கிறதே, பின் நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?’ நல்ல கேள்வி. சிங்க்ரோமெஷ் என்னும் அவ்வமைப்பு, ஏர்ல் தாம்ஸன் என்ற பொறியறிஞரின் படைப்பு. 1928-இல் அமெரிக்கக் காடிலாக் வண்டிகளில் முதன்முதல் வந்தது. அதற்கு முன் ஓட்டியவர்களின் பாடு கடினமானது. 1927 முதல் 1930 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற பென்ட்லி வண்டிகளில் இவ்வமைப்பு இல்லை. அவற்றில் கீழ்க்கியருக்கு வர வேண்டுமாயின், கிளட்ச்சை மிதித்துக் கியரை விடுவித்து, கிளட்ச்சை விட்டு, எஞ்சினை ஒரு முறை உறுமச் செய்து, மீண்டும் கிளட்ச்சை மிதித்துக் கியரைப் போட வேண்டும். தவறினால் பற்கள் அரைபடும் ஓசை தெரு முழுதும் கேட்கும். 1961-இல் வெளிவந்த ஜாகுவார் ஈ-டைப் போன்ற புகழ்பெற்ற வண்டியிலும் முதற் கியருக்கு மட்டும் சிங்க்ரோமெஷ் இல்லை. 1964-இல்தான் அதற்கும் வந்தது.

ஆனால் இவ்வமைப்பு செய்வது எதை? இதைப் பலரும் சரியாக அறிந்துகொள்வதில்லை. கியர் மாறும்போது நிகழ வேண்டிய சந்திப்புகள் இரண்டு. கியர்ப் பெட்டிக்குள் பற்சக்கரமும் வெளித்தண்டும் சந்திப்பது ஒன்று. கிளட்ச்சில் எஞ்சினும் கியர்ப் பெட்டியின் உள்தண்டும் சந்திப்பது மற்றொன்று. சிங்க்ரோமெஷ் கவனித்துக்கொள்வது முதற் சந்திப்பை மட்டுமே. கூம்பு வடிவான சிறு வளையம் ஒன்று உராய்ந்து உராய்ந்து இருபுற வேகத்தையும் ஒன்றாக்குகிறது. ஒன்றாகும் வரை பல்லை உள்ளே விடாமல் தடுத்தும் நிற்கிறது. கியர்த் தண்டை இலேசாக அழுத்தும்போது ஒரு கணம் தயக்கம் போல் தோன்றிப் பிறகு தானே உள்ளே இழுபடுவது இதனால்தான். அத்தயக்கத்தை மதிக்காமல் மோதித் தள்ளினால் அந்த வளையம் தேயும். பெட்டியிலுள்ள எண்ணெய் சூடேறாத குளிர்ந்த காலையில் இரண்டாம் கியர் இறுகி நிற்பது எம்எக்ஸ்-5 பழகியவர்கள் அறிந்த செய்தி. அப்போது வலிமை காட்டாமல், வண்டி சிறிது தூரம் ஓடிச் சூடேறும் வரை பொறுத்திருப்பதே முறை.

இரண்டாம் சந்திப்பு முழுதும் ஓட்டுபவரின் காலைச் சார்ந்தது. அதில் தவறினால் வெறும் அசௌகரியத்தோடு போவதில்லை. மழை பெய்து நனைந்த சாலை. எதிரே ஒரு வளைவு. மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறங்குகிறோம். எஞ்சின் 4485 சுற்றில் இருக்க வேண்டிய இடத்தில் 2000 சுற்றில் கிடக்கிறது. கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் அதை மேலே ஏற்றும் ஆற்றல் எங்கிருந்து வரும்? பின்சக்கரங்களிலிருந்துதான் வர வேண்டும். அக்கணம் பின்சக்கரங்களை மட்டும் யாரோ பிரேக் போட்டுப் பிடித்தது போல் ஆகிறது. வளைவில் பக்கவாட்டுப் பிடிப்புக்காகத் தன் திறனையெல்லாம் செலவிட்டுக்கொண்டிருக்கும் டயருக்கு இந்தப் புதுச் சுமையைத் தாங்க வலிமை மிச்சமில்லை, அது வழுக்குகிறது, வண்டியின் பின்பாகம் வெளியே சுழன்று வருகிறது. முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் வேறு விதமாக வழுக்கும். ஆனால் வழுக்கத்தான் வழுக்கும்.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. கிளட்ச் மிதிபட்டிருக்கும் அந்த அரைக் கணத்தில் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, எஞ்சினை வேண்டிய அளவுக்கு ஏற்றிவிட்டுப் பிறகு கிளட்ச்சை விடுவதுதான். சரியாகச் செய்தால் ஒரு சிறு உறுமல் மட்டும் கேட்கும். வண்டியில் எவ்வித அசைவும் தெரியாது. 2008-இல் அறிமுகமான நிஸ்ஸான் 370 இசட் வண்டியில் இத்தட்டலைக் கணிப்பொறியே செய்துவிடும்படி அமைத்தார்கள். அதன் பின் வேறு பலரும் அவ்வாறே செய்தனர். கிளட்ச் மிதியே இல்லாத ஸ்போர்ட்ஸ் கார்களும் இன்று மிகுந்துவிட்டன. அவை மனிதனைவிட விரைவாகக் கியர் மாற்றுகின்றன என்பதில் ஐயமில்லை. பௌதிகம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு அவற்றின் மேல் ஒரு சிறு மனக்குறை உண்டு: உராய்வும் சுழல்வேகமும் கால் வழியாகவே ஒருவனுக்குத் தெரியவந்த ஒரு நல்ல சோதனைச்சாலையை அவை மூடிவிடுகின்றன.

கை செய்ய வேண்டியதைச் சுருங்கச் சொல்லிவிடலாம். கியர்த் தண்டை முஷ்டியால் பிடித்து முறுக்காமல், விரித்த உள்ளங்கையால் போகும் திசைக்குத் தள்ள வேண்டும். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது தண்டை நேர்முன்னே நடுநிலை வரை தள்ளிச் சற்றே விட்டால், உள்ளிருக்கும் வில் அதை நடுவழிக்குக் கொண்டுவந்து நிறுத்தும். பிறகு முன்னே தள்ளினால் மூன்று. வில்லை நம்பாமல் தாமே வழிகாட்டப் புகுந்தவர்கள்தாம் வழி தவறுகின்றனர். அது எத்தகைய தவறாகும் என்பதற்கும் நம் கணக்கே சான்று. மணிக்கு 100 கிலோமீட்டரில் மூன்றாம் கியரில் எஞ்சின் 5265 சுற்றில் ஓடுகிறது. நான்காவதற்குப் போக எண்ணியவர் தண்டை இடப்புறம் இழுத்து இரண்டாவதில் போட்டுவிட்டால் 7475! எஞ்சின் மிகுந்து ஓடாமல் தடுக்கும் மின்னமைப்பு இதைத் தடுக்க மாட்டாது. ஏனெனில் அது எரிபொருளையோ தீப்பொறியையோ தான் நிறுத்தும். இங்கே எஞ்சினைச் சுழற்றுவது எரிபொருளன்று, ஓடுகின்ற வண்டி. உறுப்புகள் சிதைந்து போகலாம். கியர் மாற்றாத நேரத்தில் தண்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு ஓட்டும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். அச்சிறு சுமையும் உள்ளிருக்கும் கவைகளை நாளடைவில் தேய்க்கும்.

இனி எஞ்சியது, எல்லாரும் ஆவலோடு கேட்கும் குதிகால்–விரல் முறை. வளைவுக்கு முன் பிரேக் போட வேண்டும். அதே வேளையில் கீழ்க்கியருக்கும் வர வேண்டும். அதற்கு ஆக்ஸிலரேட்டரைத் தட்ட வேண்டும். மிதிகள் மூன்று, கால்கள் இரண்டு. இடக்கால் கிளட்ச்சில் இருக்க, வலக்கால் ஒன்றே மற்ற இரண்டையும் ஆள வேண்டும். பெயர் அவ்வாறிருப்பினும் குதிகாலைப் பயன்படுத்துவோர் இன்று சிலரே. பாதத்தின் முன்பகுதியால் பிரேக்கை அழுத்திக்கொண்டே, அதன் வலது ஓரத்தைச் சரித்து ஆக்ஸிலரேட்டரைத் தட்டுவதே பெரும்பாலோர் வழக்கம். மிதிகள் நெருங்கி அமைந்த வண்டியில் இது இயலும். தடித்த அடியுள்ள செருப்பு உதவாது. மெல்லிய அடியுள்ள ஒடுங்கிய பூட்சு வேண்டும்.

பதினெட்டு வயது நிறைந்து ஓட்டுநர் உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: இதை ஒரே நாளில் பழக முயல வேண்டா. முதலில் பிரேக் இல்லாமல், நேரான காலிச் சாலையில், நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்கும் தட்டலை மட்டும் செவி பழகும் வரை செய்க. பிறகு, நிறுத்திய வண்டியில் எஞ்சினை அணைத்துவிட்டுப் பாதத்தைச் சரித்துப் பழகுக. இரண்டும் கைவந்த பின்னரே சேர்த்துச் செய்யலாம். சேர்த்துச் செய்யும்போது, ஆக்ஸிலரேட்டரைத் தட்டும் கணத்தில் பிரேக்கின் அழுத்தம் தளர்வதோ மிகுவதோ கூடாது. அப்படி நேர்ந்தால் கியரை விட்டுவிட்டுப் பிரேக்கை மட்டும் கவனிக்க வேண்டும். நான்காம் கியரிலேயே அந்த வளைவைச் சுற்றிச் சென்றாலும் வண்டி சற்று மந்தமாக ஏறுமே தவிர வேறொன்றும் கெட்டுவிடாது.