கார் ஷெட்டுக்கு நாங்களே போட்ட தரை

போன வருஷம் ஆடி மாதம் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் என் மாமியார் விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. தரை முழுக்கப் பாளம் பாளமாக வெடிப்பு. அதில் ஒரு பாளம் தூக்கிக்கொண்டு நின்றது, கால் தடுக்கிவிட்டது. துணி துவைக்கிற கல்லுக்குப் போக எங்கள் வீட்டில் அதுதான் வழி. மாவுக்கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, "முதல்ல அந்தத் தரையைப் பாரும்மா" என்றார்கள் அத்தை.

அந்தத் தரை போட்டு நாலு வருஷம்கூட ஆகவில்லை. போட்ட கொத்தனாரைத் திட்டித் தீர்த்தேன். ஆனால் மனசாட்சியோடு சொன்னால் பாதித் தப்பு என்னுடையது. தரை போட்ட மூன்றாம் நாளே, ஊரில் கல்யாணம் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். சித்திரை வெயிலில் ஐந்து நாள் தண்ணீர் விட ஆளில்லை. மீதிப் பாதித் தப்பு அடியில் இருந்தது. திருச்சிக்கு வெளியே வயலைப் பிளாட் போட்ட இடம் எங்கள் தெரு. களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதன் தலையிலேயே கலவையைக் கொட்டினால் தரை என்ன செய்யும், பாவம்!

மறுபடி போட என்ன செலவாகும் என்று விசாரித்தபோது எனக்குத் தலை சுற்றியது. என் தம்பி கட்டட வேலையில் இருக்கிறான். "பத்துக்குப் பதினாறு அடிதானே அக்கா? நான் சொல்ற மாதிரி செய்ங்க, நீங்க மூணு பேரே போட்டுடலாம்" என்றான். மூணு பேர் என்றால் நான், என் வீட்டுக்காரர், காலேஜில் படிக்கும் பையன்.

பழைய தரையை உடைத்து, ஒரு அடி ஆழத்துக்குக் களிமண்ணை வெட்டி அப்புறப்படுத்த மட்டும் இரண்டு ஆள் வைத்தோம். அதில் கஞ்சத்தனம் பார்க்க முடியாது. பிறகு நாலு அங்குலம் கிராவல் மண் பரப்பி, தண்ணீர் தெளித்துத் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்தோம். அதன்மேல் ஒன்றரை அங்குல ஜல்லி நாலு அங்குலம். மேலாகக் கொஞ்சம் கிரஷர் தூள் தூவி மறுபடியும் இடி. காலால் மிதித்தால் ஒரு கல்கூட அசையக்கூடாது. வண்டியின் பாரத்தைப் பரவலாகத் தாங்குவது இந்த ஜல்லிதான், கீழிருந்து ஈரம் ஏறுவதையும் குறைக்கும். மேலே கெட்டியான பிளாஸ்டிக் ஷீட் விரித்தோம். வீட்டுச் சுவரை ஒட்டி அரை அங்குலத் தெர்மாகோல் பட்டையும் வைத்தோம், வெயிலில் தரை விரிந்தால் சுவரை முட்டாமலிருக்க. கழுவுகிற தண்ணீர் வாசல் பக்கம் ஓட, ஐந்து அடிக்கு ஒரு அங்குலம் வாட்டம். தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்து மட்டம் பார்த்தது என் பையன்.

இனி கான்கிரீட். சிமெண்ட் ஒரு பங்கு, எம் சாண்ட் இரண்டு பங்கு, முக்கால் ஜல்லி நாலு பங்கு. எங்கள் இடத்துக்கு நாலு அங்குலக் கனத்தில் போட 10 மூட்டை சிமெண்டும், சுமார் 24 கன அடி மணலும், 48 கன அடி ஜல்லியும் பிடித்தது. நடுவில் பலகை நிறுத்தி, எட்டடி எட்டடியாக இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் போட்டோம். ஒரே தரையாக நீட்டிப் போட்டால் அது தன் இஷ்டத்துக்கு வெடிக்குமாம். ஒவ்வொரு மூட்டையாகத்தான் கலக்க வேண்டும். தண்ணீர் விட்ட அரை மணிக்குள் கொட்டிப் பரப்பிவிட வேண்டும். சிமெண்டையும் மணலையும் நிறம் ஒன்றாகும்வரை உலர்ந்தபடியே புரட்டி, பிறகு ஜல்லி சேர்த்து, கடைசியில்தான் தண்ணீர்.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் வீட்டில் சண்டையே வந்தது. இழுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று இவர் குடம் குடமாக ஊற்றப் பார்த்தார். ஒரு மூட்டைக்கு 25 லிட்டருக்குமேல் போனால் தரைக்குப் பலம் குறைந்துவிடும் என்று தம்பி சொல்லியிருந்தான். இட்லி மாவுப் பதம் தெரியாதா நமக்கு? தோசை மாவாக விடக்கூடாது, அவ்வளவுதான். குடத்தை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆனால் அன்று நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். மட்டப்பலகை இழுக்கும்போது ஈரக் கலவையிலேயே முழங்காலை ஊன்றி உட்கார்ந்துவிட்டேன். புடவை நனைந்தது. வலி ஒன்றும் தெரியவில்லை, வேலை மும்முரம் வேறு. சாயங்காலம் பார்த்தால் இரண்டு முழங்காலும் வெந்து கொப்பளித்திருந்தது! ஈரச் சிமெண்டில் சுண்ணாம்புபோலக் காரம் இருக்கிறது, வலிக்காமலே தோலை அரிக்கும். நானோ மஞ்சளைக் குழைத்துப் போட்டுக்கொண்டு படுத்தேன். மறுநாள் டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பட்டவுடனே நனைந்த துணியைக் களைந்து, ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷமாவது கழுவிவிட்டு வர வேண்டுமாம். கண்ணில் பட்டாலும் அப்படித்தான், கழுவிக்கொண்டே இருந்து உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். அடுத்த ஞாயிறு மூன்று பேருக்கும் ரப்பர் கையுறை, கம்பூட்ஸ், மூக்குக்குத் துணி. முழங்காலுக்குப் பதில் பலகைமேல் உட்கார்ந்தேன்.

மேலே சிமெண்ட் பால் ஊற்றி மொழுமொழுவென்று தேய்க்க இவருக்கு ஆசை. அத்தை நடக்கிற இடம் என்று நான் விடவில்லை. கலவை இறுகிவரும்போது தென்னந்துடைப்பத்தால் குறுக்கே லேசாகக் கோடு இழுத்துவிட்டேன். ஈரக் காலோடு நடந்தாலும் வழுக்காது.

மறுநாளே மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி, ஓரங்களில் நனைத்த சாக்குப் போட்டோம். பதினாலு நாள் காயவே விடவில்லை. நடுவில் வந்த ஒரு சீமந்தத்துக்கு இவரை மட்டும் அனுப்பினேன். "தரைக்குத் தண்ணி ஊத்தணும்னு வரலையாம்!" என்று நாத்தனார் போனில் சிரித்தாள். சிரிக்கட்டும்!

28 நாள் காரைத் தெருவிலேயே நிறுத்தினோம். இருபத்தொன்பதாம் நாள் காலையில் இவர் சாவியோடு போய்ப் பார்த்தால், ஷெட் முழுக்கப் பழைய வேட்டி விரித்து அத்தை வடாம் பிழிந்து வைத்திருக்கிறார்கள், கட்டுப் பிரித்த அதே கையால். வடாம் காய்ந்து முடியும்வரை இன்னும் மூன்று நாள் கார் வெளியேதான் நின்றது.