பத்மினி திணறுகிறதா? ஜெட்டைப் பாருங்கள்!

சாரல் சீசனில் தென்காசி – குற்றாலம் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். அங்கே ஒரு பழைய பிரீமியர் பத்மினி அணைந்து அணைந்து நின்றால், முதலில் பார்க்க வேண்டியது கார்புரேட்டர் ஜெட்.

இத்தாலியின் ஃபியட் 1100 காரின் வாரிசுதான் மும்பையில் தயாரான பத்மினி. 1089 சிசி என்ஜினுக்குப் பெட்ரோலை அளந்துவிடுவது, நடுவே துளையுள்ள ஜெட் என்ற சின்னப் பித்தளைத் திருகு. ஊர்ந்து போகையில் அணைந்தால் பைலட் ஜெட்டில் அடைப்பு இருக்கலாம். செங்கோட்டை தாண்டி, புளியரை ஏற்றத்தில் இழுக்கவில்லையா? மெயின் ஜெட்டைக் கவனியுங்கள்.

என்ஜின் ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். முனை கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் குறைவு, என்ஜின் சூடேறும். இளம்பழுப்பு என்றால் சரி.

அடைப்பெடுக்க ஜெட்டுக்குள் கம்பி விடவே கூடாது. துளை மயிரிழை பெரிதானாலும் மைலேஜ் போய்விடும். பிறகு புது ஜெட்தான். கழுவிக் காற்றடித்தாலே போதும்.

இன்று பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய அளவு ஜெட்டில் கலவை மெலிந்துவிடும். பிளக் வெளுத்தால், அடுத்த அளவு ஜெட் போடலாமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். மலை ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது!