கல்லுக்கு வயசு என்ன?

செவ்வாப்பேட்டை வழியாக ரயிலில் போயிருக்கிறீர்களா, குட்டீஸ்? கொஞ்ச நேரத்தில் திருவள்ளூர் வந்துவிடும். அங்கிருந்து பூண்டி ஏரிப் பக்கம் போனால் அத்திரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட், வில்லியம் கிங் என்ற இரண்டு நிலவியல் அறிஞர்கள் இங்கே ஆதி மனிதர்களின் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள்.

சரி, அவை எவ்வளவு பழையவை? கல்லில் தேதி எழுதியிருக்காதே!

1999 முதல் தொல்லியல் அறிஞர் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் இங்கே கவனமாகத் தோண்டினார்கள். எந்தக் கருவி எந்த மண் அடுக்கில் கிடந்தது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. வயதைச் சொல்ல இயற்பியல் தேவைப்பட்டது.

வெட்டவெளியில் கிடக்கும் கல்லில் விண்வெளிக் கதிர்கள் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற அணுக்கள் உண்டாகும். கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் புதிதாக உண்டாகாது, இருப்பவையும் சிதையும். அலுமினியம்தான் வேகமாகக் குறையும். மிச்சத்தை அளந்தால், புதைந்து எவ்வளவு காலம் ஆனது என்று தெரியும். இந்த வேலையைப் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள் செய்தார்கள்.

ஒரே சாட்சியை நம்பலாமா? களிமண்ணின் காந்தத்தையும் சோதித்தார்கள். வடக்கு தெற்காகத் தலைகீழாய் இருந்தது! பூமியின் காந்தம் கடைசியாகப் புரண்டது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. ஆகவே, மண் அதற்கும் பழையது. இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போயின. 2011-ல் முடிவு வெளியானது: சுமார் 15 லட்சம் ஆண்டுகள்!

கருவிகளைச் செய்தவர் எந்த வகை மனிதர்? எலும்பு ஆய்வாளரைத்தான் கேட்க வேண்டும். ஆனால், அவரிடம் கொடுக்க ஒரு மனித எலும்புகூட அந்த அடுக்குகளில் கிடைக்கவில்லையே!