குவார்ட்டர்ஸில் குடும்பம், வடலூரில் வீட்டுக் கடன்: இஎம்ஐ கட்டிக்கொண்டே சேமிக்க முடியுமா?

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்கள் எல்லோரும் பார்த்திருக்கும் காட்சி இது. ஏதாவது ஒரு வட்டத்தில், ஒரு வீட்டு வாசலில் மினி லாரி நிற்கும். பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் ஏறும். பின்பக்கத்துப் பலா மரத்தை மட்டும் ஏற்ற முடியாது. அந்த வீட்டுக்காரர் ரிட்டையர் ஆகிவிட்டார், அவகாசம் முடிந்தது, குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். பல வருடம் இருந்த வீடு, ஆனால் சொந்த வீடு இல்லை.

1956-ல் என்எல்சி தொடங்கப்பட்டு, சுரங்கத்தோடு சேர்ந்து வளர்ந்த ஊர் இது. இங்கே வீடு வேலையோடு வரும், வேலையோடு போகும். அதனால்தான் நிரந்தர ஊழியர்கள் பலர் முப்பதுகளிலேயே வடலூர், இந்திரா நகர், குறிஞ்சிப்பாடி, கடலூர் என்று ஒரு இடம் பார்த்து, கடன் போட்டு வீடு வாங்குகிறார்கள். குவார்ட்டர்ஸ் கிடைக்காத ஒப்பந்தத் தொழிலாளர்களின் நிலை இன்னும் இறுக்கம். வாடகையும் கட்ட வேண்டும், இஎம்ஐயும் கட்ட வேண்டும்.

இந்த இரண்டு தரப்பும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். ‘இஎம்ஐ போனதும் கையில ஒண்ணும் நிக்கல. இதுல எங்க சேமிக்கிறது?’

கடன் எந்த வருடம் முடிகிறது?

முதலில் பார்க்க வேண்டியது இஎம்ஐ தொகையை அல்ல, கடன் முடியும் தேதியை.

என் பெரியப்பா மகன் குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறார். 2021-ல் 20 வருடக் கடன் வாங்கினார். 2041-ல் முடிந்துவிடும் என்ற நினைப்பிலேயே இருந்தார். போன வருடம் கடன் ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பார்த்தால், 2049 என்று இருக்கிறது. அண்ணன் ரிட்டையர் ஆவது 2046-ல். வங்கி தப்பாக எதுவும் எழுதவில்லை. வட்டி ஏறியபோது இஎம்ஐயைப் பெரிதாகக் கூட்டாமல் மாதங்களைக் கூட்டிவிட்டது. எஸ்எம்எஸ் வந்ததாம். இவர் படிக்கவில்லை.

இது அவருக்கு மட்டும் நடந்தது இல்லை. 2022 மே மாதத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதத்தை, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமாக ஏற்றியது ரிசர்வ் வங்கி. அது கடனை என்ன செய்யும்? ஒரு கணக்கு பாருங்கள். 2022 தொடக்கத்தில் 7 சதவீத வட்டியில் 20 லட்சம், 20 வருடத்துக்கு வாங்கியவருக்கு இஎம்ஐ சுமார் 15,506 ரூபாய். ஒரு வருடம் கழித்து பாக்கி 19.5 லட்சம். வட்டி 9.5 ஆகிவிட்டால், மாத வட்டி மட்டுமே 15,438 ரூபாய். பழைய இஎம்ஐயையே கட்டினால் அசலில் குறைவது 68 ரூபாய்! மாதம் முழுக்க ஷிஃப்ட் பார்த்துவிட்டு 68 ரூபாய் கடன் அடைப்பது போலத்தான்.

இதனால்தான் 2023 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி ஒரு விதி கொண்டுவந்தது. வட்டி மாறும்போது இஎம்ஐயைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும். ஆக, இது உங்கள் உரிமை. கிளை மேலாளரிடம் தயங்கிக்கொண்டு கேட்க வேண்டிய சலுகை இல்லை.

வட்டி இறங்கினால் என்ன செய்வது?

2025-ல் காற்று திசை மாறியது. பிப்ரவரியில் தொடங்கி டிசம்பர் வரை ரெப்போ விகிதம் 6.5-லிருந்து 5.25-க்கு வந்தது. மொத்தம் 1.25 சதவீதம் குறைவு. 20 லட்சம், 20 வருடம், 8.5 சதவீதம் என்றால் இஎம்ஐ 17,356 ரூபாய். அதே கடன் 7.25 ஆனால் 15,808. மாதம் 1,548 ரூபாய் மிச்சம்.

இந்த 1,548 ரூபாயை என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இஎம்ஐயைக் குறைத்துக்கொண்டால் அந்தப் பணம் பெட்ரோலிலும் ஸ்விக்கியிலும் கரைந்துவிடும், பெரும்பாலும். அதற்குப் பதிலாக 17,356-ஐயே தொடர்ந்து கட்டினால், 240 மாதக் கடன் சுமார் 198 மாதத்தில் முடிகிறது. மூன்றரை வருடம் குறைவு. வட்டியில் மூன்றரை லட்சத்துக்கு மேல் மிச்சம். ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கட்டாமல்.

ஆனால் உங்கள் கடன் உண்மையில் ரெப்போவோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2019 அக்டோபர் 1-க்குப் பிறகு வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள், ரெப்போ மாதிரியான வெளி அளவுகோலோடு இணைக்கப்பட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டி மாற்றியமைக்கப்பட வேண்டும். அதற்கு முந்தைய கடன் என்றால் பழைய முறையிலேயே கிடக்கலாம்; வங்கியில் எழுதிக் கொடுத்து, சிறு கட்டணத்தில் மாறலாம். ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே வட்டி ஏறும்போது இருக்கும் வேகம் இறங்கும்போதும் இருக்கிறதா என்று நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

கூடுதலாகக் கட்டுவதா, சேமிப்பதா?

கையில் கொஞ்சம் பணம் வந்தால், உதாரணமாக போனஸ் வந்தால், நேராகக் கடனில் கட்டிவிடுங்கள் என்பார்கள். தப்பில்லை. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. 8.5 சதவீதக் கணக்கில், வருடத்துக்கு ஒரே ஒரு இஎம்ஐ கூடுதலாகக் கட்டினாலே 20 வருடக் கடனில் மூன்று வருடத்துக்கு மேல் குறையும்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது, அதைத் தாண்டிப் போகக் கூடாது. கடனில் கட்டிய பணம் அவசரத்துக்குத் திரும்பி வராது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால், கட்டிய 50,000-ஐத் திருப்பிக் கொடுங்கள் என்று வங்கியில் கேட்க முடியாது. பிறகு நகைக் கடன், கிரெடிட் கார்டு என்று போவோம். மாதம் 3 சதவீதம் என்றாலே கார்டு வட்டி வருடத்துக்கு 36. ஏழேகால் சதவீதக் கடனை அவசரமாக அடைத்துவிட்டு 36-ல் மாட்டுவது என்ன கணக்கு?

அதனால் கார்டு பாக்கி, பர்சனல் லோன் இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். அடுத்து, வீட்டுச் செலவும் இஎம்ஐயும் சேர்த்து மூன்று மாதத் தொகை தனியாக இருக்க வேண்டும். ஒப்பந்த வேலை என்றால் ஆறு மாதம். பெரிய தொகையாகத் தெரியும், ஒரே வருடத்தில் சேராது, பரவாயில்லை. மாதம் 2,000 ரூபாயில் ஒரு ஆர்டி போடுங்கள். தபால் நிலைய ஐந்து வருட ஆர்டிக்கு இப்போது 6.7 சதவீதம். இஎம்ஐ பிடிக்கும் கணக்கிலேயே இந்தப் பணத்தை வைக்காதீர்கள், கண்ணில் பட்டால் செலவாகிவிடும்.

ஊரில் பலர் சேமிப்பது சம்பளம் கைக்கு வருவதற்கு முன்னால்தான். பணியாளர் கூட்டுறவு சிக்கனக் கடன் சங்கப் பிடித்தம், பிஎஃப் எல்லாம் அந்த வகை. இதில் ஒரு சுவாரசியம் உண்டு. 2024-25-க்கு இபிஎஃப் வட்டி 8.25 சதவீதம். உங்கள் வீட்டுக் கடன் 7.25-ல் இருந்தால், கூடுதல் பணத்தைக் கடனில் கட்டுவதைவிட விருப்பப் பிஎஃப்பில் போடுவது கணக்குப்படி லாபம். ஆனால் அந்தப் பணம் நினைத்தபோது கிடைக்காது. அவசரத் தொகை சேர்ந்த பிறகு, ரிட்டையர்மென்ட்டுக்கு முன்பே கடன் முடியும் என்று உறுதியான பிறகு யோசிக்க வேண்டிய விஷயம் அது.

சீட்டு போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: 1982-ம் வருட சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவானதா என்று பாருங்கள். தெரிந்தவர் என்பது பதிவு இல்லை.

குவார்ட்டர்ஸில் இருப்பதன் லாபம்

வடலூரில் வாங்கிய வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். வாடகைக்கு விட்டால் சுவரில் ஆணி அடிப்பார்கள் என்ற பயம். நியாயமான பயம்தான், ஆனால் விலை ஜாஸ்தி.

மாதம் 7,000 வாடகை என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 84,000. வருமான வரிக் கணக்கில் இதில் 30 சதவீதம் பராமரிப்புக்கெனக் கழியும், மீதி 58,800. சொத்து வரி கட்டியிருந்தால் அதையும் கழிக்கலாம். புதிய வரி முறையிலும், வாடகைக்கு விட்ட வீட்டின் கடன் வட்டியை அந்த வாடகை வருமானம் வரை கழித்துக்கொள்ளலாம். வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வட்டி கட்டுகிறவருக்கு, இந்த வாடகைக்கு வரியே வராது. (நீங்களே குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு என்பது பழைய முறையில் மட்டும்.) அந்த 7,000-ஐ அப்படியே கடன் கணக்குக்குத் திருப்பிவிட்டால், ரிட்டையர் ஆகும் தேதியை எட்டிப் பிடிக்கலாம்.

வேறு வருமானம்? நிரந்தர ஊழியர் என்றால், தனியாகத் தொழில் செய்ய பொதுத்துறை நடத்தை விதிப்படி முன் அனுமதி தேவை. அனுமதி இல்லாமல் ஆரம்பித்துவிட்டு, மெமோ வந்த பிறகு வருத்தப்படாதீர்கள். குடும்பத்தில் மற்றவர்களுக்கு அந்தத் தடை இல்லை. டியூஷன், தையல், பண்ருட்டி பக்கத்து முந்திரி வேலை எல்லாம் பெண்கள் ஏற்கனவே பார்ப்பவைதான். சிக்கல் என்னவென்றால், இந்த வருமானம் பெரும்பாலும் மளிகையோடு கலந்துவிடுகிறது. அவர் பெயரிலேயே தனிக் கணக்கு தொடங்கி, அவசரத் தொகையை அதில் சேருங்கள்.

இன்னும் வாங்காதவர்களுக்கு

பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் 2.0, 2024 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், நாட்டில் எங்கும் சொந்தமாக கான்கிரீட் வீடு இல்லை, வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் என்றால் வட்டி மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஐந்து தவணையில் அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய். திட்டம் நகர்ப்புறத்துக்கு மட்டும் என்பதால், மனை நகராட்சி எல்லைக்குள் வருகிறதா, பக்கத்து ஊராட்சியிலா என்று முதலிலேயே பாருங்கள்.

வில்லங்கச் சான்று, பட்டா, மனைப்பிரிவு அனுமதி பார்ப்பது எல்லா ஊருக்கும் பொது. நெய்வேலியைச் சுற்றி இன்னொன்றும் உண்டு: இடம் சுரங்க விரிவாக்கப் பகுதியில் வருகிறதா? 2023 ஜூலையில் மேல்வளையமாதேவியில் நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியதை மறந்திருக்க மாட்டோம். பல வருடம் முன்பே கையகப்படுத்தப்பட்ட நிலம் என்றது நிறுவனம். அதில் பயிர் நின்றது. ஒரு இடத்தில் விவசாயம் நடக்கிறது, ஆள் குடியிருக்கிறார் என்பது மட்டும் ஆதாரம் ஆகாது. தாசில்தார் அலுவலகத்தில் சர்வே எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

காப்பீடு பற்றியும் சொல்ல வேண்டும். 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்தது. அந்த நாளைப் பார்த்த ஊருக்கு, சம்பாதிக்கும் ஒருவர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. கடன் தொகை அளவுக்காவது டெர்ம் பாலிசி எடுங்கள். கடனோடு ஒட்டித் தரப்படும் பாலிசியில் பிரீமியத்தையும் கடனில் சேர்த்து, அதற்கும் 20 வருடம் வட்டி போடுவார்கள். கையெழுத்துக்கு முன் தனி பாலிசியின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அண்ணன் கதைக்கு வருவோம். வட்டி குறைந்ததும் வங்கிக்குப் போய், ‘இஎம்ஐ அப்படியே இருக்கட்டும், மாதங்களைக் குறையுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தார். புதிய அட்டவணையைக் கையோடு வாங்கி வந்தார். அதில் கடைசித் தவணை 2044. ‘ரிட்டையர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, போதும்’ என்கிறார் அண்ணன். அண்ணிக்குப் போதவில்லை. பூட்டிக் கிடந்த வடலூர் வீட்டுக்குத் தை மாதத்திலிருந்து ஆள் வைத்திருக்கிறார்.