பத்தரை மணிப் பசி

காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்கு ரொட்டி தட்டி வைத்துவிட்டு, தனக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் பாதி ரொட்டியும் போதும் என்று பிரட்டுக்களத்துக்கு ஓடும் பெண் இப்போது இன்னொன்றையும் விழுங்கிவிட்டு ஓடுகிறார். கிளினிக்கில் கொடுத்த சீனி மாத்திரை. டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று இந்தப் பக்கத்து லயங்கள் பலவற்றில் சாமிப் படத்துக்குக் கீழே மருந்துப் பையும் கிளினிக் கொப்பியும் வந்து உட்கார்ந்து வருடங்கள் ஆகின்றன.

வெளியுலகத்தில் பேச்செல்லாம் பசியைக் குறைக்கும் ஊசிகளைப் பற்றித்தான். செமாகுளுடைட், டிர்செபடைட் என்ற பெயர்கள் கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளைகளின் கைபேசி வழியாக லயத்துக்கும் வந்துவிட்டன. சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஹார்மோனின் வேலையை இந்த மருந்துகள் செய்கின்றன. இரைப்பை காலியாவது தாமதமாகிறது, போதும் என்ற உணர்வு சீக்கிரம் வருகிறது. 2021இல் வெளியான பெரிய ஆய்வில், வாரம் ஒருமுறை செமாகுளுடைட் போட்டுக்கொண்டவர்கள் 68 வாரங்களில் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதம் குறைந்தார்கள். ஊசியை நிறுத்திய ஒரு வருடத்துக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. 2025 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இவ்வகை மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் செமாகுளுடைட்டின் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். மலிவான வடிவங்கள் கடல் தாண்டி வர அதிக காலம் எடுக்காது.

கடும் பருமனோடு இதய நோயும் உள்ளவருக்கு இந்த ஊசி உயிர்காக்கும் என்று வைத்தியர்கள் சொல்வது உண்மை. ஆனால் மலையகத்தில் பசியை மாற்றும் மருந்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால், என் மனம் ஊசியில் நிற்க மறுக்கிறது. இங்கே ஆயிரக்கணக்கானோரின் பசியை ஏற்கெனவே மாற்றிக்கொண்டிருப்பவை கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும் சின்ன மாத்திரைகள். அவற்றைப் பற்றி யாரும் அட்டைப்படக் கட்டுரை போடவில்லை.

ஒன்று குறைக்கும், ஒன்று கூட்டும்

மெட்ஃபோர்மின் பசியைக் கொஞ்சம் மந்தப்படுத்தும். தொடங்கிய வாரங்களில் வாயில் தகரச் சுவை, குமட்டல், வயிற்றால் போவது எல்லாம் வரும். சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால், குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால், பெரும்பாலானவர்களுக்கு இது அடங்கிவிடும். கழிப்பறை இல்லாத மலையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கு அந்த முதல் வாரங்களே போதும். அவர் காலை மாத்திரையை விட்டுவிடுவார், இல்லாவிட்டால் காலைச் சாப்பாட்டை விட்டுவிடுவார். கிளினிக்கில் இதைச் சொல்லக் கூச்சம். அடுத்த மாதம் சீனி கூடியிருக்கும், மாத்திரையின் அளவும் கூடும்.

கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்றவை எதிர்த்திசையில் இழுப்பவை. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று பாராமல் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். சீனி இறங்கினால் அகோரப் பசி எடுக்கும். ஒருமுறை மயங்கி விழுந்தவர் அந்தப் பயத்திலேயே பிஸ்கட்டும் சீனித் தேத்தண்ணியுமாக நாள் முழுக்கக் கொறிப்பார், எடை ஏறும். "ஏன் உடம்பு போட்டிருக்கு?" என்று கிளினிக்கில் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. மருந்தும் பயமும் சேர்ந்து ஏற்றிய எடை அது. கிளிபென்கிளமைட் உடலில் நீண்ட நேரம் தங்கும். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அது ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலேயே குறிப்பு இருக்கிறது. வீட்டில் வயதானவர் இருந்தால் மருந்து உறையில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

வீசிங்குக்குக் கொடுக்கும் பிரெட்னிசொலோன் பசியையும் சீனியையும் ஒன்றாக ஏற்றும். காலையில் சாப்பாட்டோடு எடுக்க வேண்டிய மருந்து அது. மனநோய்க்கான ஒலன்சபைன் முதல் மாதங்களிலேயே எடையைக் கூட்டிவிடும். உடம்பு போடுகிறது என்று அந்த மாத்திரையைத் தானாக நிறுத்திக்கொண்டால் நோய் திரும்பும். எடை ஏறுவதை வைத்தியரிடம் சொன்னால் மாற்று வழி உண்டு.

மலையில் பத்தரை மணி

காலை ஆறு மணிக்குப் போட்ட சாதாரண கிளிக்ளசைட் இரத்தத்தில் உச்சத்துக்கு வர நான்கிலிருந்து ஆறு மணி நேரமாகும். அதாவது பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில். அந்த நேரத்தில் நம் பெண்கள் எங்கே நிற்கிறார்கள்? சரிவில், முதுகில் பாரத்தோடு. ஏறி இறங்கும் கால்களும் ஓயாத கைகளும் இரத்தத்தில் உள்ள சீனியைத் தாமாகவே இழுத்துக்கொள்கின்றன. காலையில் சாப்பிட்ட பாதி ரொட்டி எப்போதோ தீர்ந்துவிட்டது. கொழுந்து மலிந்த மாதங்களில் கிலோ குறைந்தால் பேர், அதாவது நாட்சம்பளம், பாதியாகும் என்ற பயத்தில் பத்து மணித் தேத்தண்ணிக்குக்கூட நிற்காதவர்கள் உண்டு. மாத்திரை, வேலை, வெறும் வயிறு மூன்றும் சந்திக்கும் இடம்தான் இந்தப் பத்தரை மணி. எடையைப் பற்றிய எல்லாப் பேச்சுக்கும் முன்னால் என்னை உறுத்துவது இதுதான்.

கை நடுங்கும். மூடுபனியில் நிற்கும்போது குளிர் என்று நினைத்துக்கொள்வார்கள். குப்பென்று வியர்க்கும், மழைக் கோட்டுக்குள் புழுக்கம் என்று விட்டுவிடுவார்கள். கண் இருட்டினால் பிரஷர், பேச்சுக் குழறினால் பித்தம். கொஞ்சம் கோபமாக, சம்பந்தமில்லாமல் பேசினால் வேறு எதையெதையோ சொல்லி மந்திரிக்கக் கூட்டிப்போன கதைகளும் உண்டு. பிரஷருக்கோ இதயத்துக்கோ அட்டெனலோல் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் தெரியும். ஈரச் சரிவில் ஒரு நிமிட மயக்கம் எலும்பு முறிவில் முடிய வெகுநேரமாகாது.

மருந்து கையிலேயே இருக்கிறது. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரிலோ ஆறிய சாயத் தேத்தண்ணியிலோ கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி நேரம் உட்கார வேண்டும். தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் ரொட்டியோ பிஸ்கட்டோ ஏதாவது சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் சீனி மறுபடி இறங்கும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பக்கவாட்டில் படுக்கவைத்து 1990க்கு அழைக்க வேண்டும். அந்த அம்புலன்ஸ் இலவசம். கிளங்கனில் 2017 மே மாதம் இந்திய உதவியில் 150 படுக்கைகளோடு திறக்கப்பட்ட ஆதார வைத்தியசாலை டிக்கோயாவிலேயே இருக்கிறது.

ஆனால் சீனியைப் பையில் வைத்திருக்க வேண்டிய பெண்ணுக்கு நாம் சொல்லி வைத்திருப்பது என்ன? "சீனியைத் தொடவே கூடாது." வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள், பக்கத்து லயத்திலும் சொல்கிறார்கள். அவரும் நல்ல பிள்ளையாகச் சீனியை அறவே விட்டுவிட்டு, உயிர்காக்கும் ஒரு பிடிச் சீனிகூட இல்லாமல் மலைக்குப் போகிறார். கொழுந்துக்குப் போகும் ஒவ்வொரு நீரிழிவுக்காரரின் இடுப்புப் பையிலும் பொலித்தீனில் கட்டிய சீனியோ நாலு டொஃபியோ இருக்க வேண்டும். கூட நிற்கும் இரண்டு பேருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும். கங்காணிமாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மாத்திரையில் பிழையில்லை, மக்கள்தான் நேரத்துக்குச் சாப்பிடப் பழக வேண்டும் என்பார்கள் சிலர். சாப்பாட்டு நேரத்தைத் தானே தீர்மானிக்கும் ஆளுக்கு அது சரி.

கிளினிக் நாளும் இதே கதைதான். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும் என்று இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவர் விடியற்காலை எழுந்து, தோட்டத்து ரோட்டில் இறங்கி நடந்து, பஸ் பிடித்து, வரிசையில் நின்று, முறை வரும்போது பத்து மணியாகிவிடும். மாத்திரையைத் தவறவிடக் கூடாது என்ற பொறுப்பில் அதை மட்டும் வீட்டிலேயே போட்டுவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். வெறும் வயிற்றுப் பரிசோதனை நாளில் சீனி மாத்திரையும் இன்சுலினும் இரத்தம் கொடுத்து, சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்ட பிறகுதான். ரொட்டிப் பொதி கையோடு வரட்டும். கந்தசஷ்டிக்கும் திருவிழாவுக்கும் விரதம் இருப்பவர்கள், காப்புக் கட்டுவதற்கு முன்பே அந்த நாட்களுக்கான மருந்தளவை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விரதத்தை ஒளித்தால் வைத்தியருக்கு வழியில்லை.

மெலிவது எப்போதும் நல்லதா?

எடை குறைந்தால் கைதட்டும் காலம் இது. தோட்டத்தில் நான் கைதட்ட மாட்டேன். 2016ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் 32 சதவீதம். இப்படி வளர்ந்த உடம்புகளுக்குத்தான் நாற்பது வயதில் சீனி வருகிறது. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் பட்டினி கண்ட உடலில் தசை குறைவாகவும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு கூடுதலாகவும் சேரும் என்று புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் பல வருடங்களாகக் காட்டி வந்திருக்கிறார்கள். இதனால்தான் நம்மவர்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் 23 தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள். தராசு மட்டும் போதாது, இடுப்பையும் அளக்க வேண்டும். பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90.

இன்னொரு வகையும் உண்டு. நீண்டகாலப் போஷாக்கின்மையால் வரும், மெலிந்தவர்களைத் தாக்கும் நீரிழிவு. 1955இலேயே ஜமெய்க்காவில் விவரிக்கப்பட்டது. 1985இல் உலக சுகாதார நிறுவனம் தனி வகையாக ஏற்று, 1999இல் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025 ஏப்ரலில் பாங்கொக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் இதை ஐந்தாம் வகை என்று மீண்டும் அங்கீகரித்தது. அதற்கான ஆய்வில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பங்கு பெரியது. நம் லயங்களில் இந்த வகை எத்தனை பேருக்கு என்று தேடிப் பார்க்க வேண்டும். நாற்பத்திரண்டு கிலோ எடையுள்ள பெண்ணுக்கு மெட்ஃபோர்மினால் சாப்பாடு இறங்கவில்லை, சேலை தளர்கிறது என்றால், அதைச் சீனி கட்டுப்பட்டதன் அடையாளமாக யாரும் மகிழ வேண்டாம். கரைவது தசை. கொழுந்து பறிப்பது அந்தத் தசையால்தான். பசியை அடக்கும் ஊசி நாளை இங்கே வந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். அந்த ஊசியால் குறையும் எடையிலும் கணிசமான பங்கு கொழுப்பில்லாத உடற்பகுதிதான்.

அப்படியானால் என்ன சாப்பிடுவது? ரொட்டியை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. அரிசியும் பாணும் விலையேறிய நாட்களிலும் லயத்தைக் காப்பாற்றியது அதுதான். நூறு கிராம் கோதுமை மாவில் தட்டிய ரொட்டியில் மாச்சத்து மட்டும் ஏறக்குறைய 75 கிராம், புரதம் பத்துக் கிராம் அளவே. ரொட்டியைச் சற்றுச் சிறிதாக்கி, குரக்கன் மாவைக் கலந்து, சம்பலோடு நிறுத்தாமல் பருப்போ, அவித்த கடலையோ, ஒரு முட்டையோ, உப்பைக் கழுவிய நெத்தலியோ கூட வைத்தால் பத்தரை மணிப் பசி பதினொன்றரைக்குத் தள்ளிப் போகும். வீட்டோரத்துக் கோவாவும் லீக்ஸும் சந்தைக்குப் போவதற்கு முன் சட்டிக்கு வரட்டும். பாதி ரொட்டியைக் காலையிலும் மீதியைப் பத்து மணிக்கும் சாப்பிடலாம். கொண்டுபோக முடியாத வேலை எதுவும் இல்லை. தேத்தண்ணியில் கரண்டி கரண்டியாகக் கரைப்பதைவிட, பெரியவர்கள் செய்ததைப் போல உள்ளங்கையில் துளி சீனி வைத்துக்கொண்டு குடித்தால் நாளுக்கு எவ்வளவோ குறையும். சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் இரும்புச் சத்து உடலில் சேர்வது குறைகிறது. இரத்தம் குறைந்த பெண்கள் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது. மெட்ஃபோர்மின் பல வருடங்கள் எடுத்தவருக்கு உள்ளங்கால் எரிந்தால், மரத்துப்போனால், பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரவு ஒன்பது மணிக்குக் குவியலாகச் சோறு போட்டுச் சாப்பிட்டு உடனே படுப்பதுதான் பல லயங்களில் நாளின் பெரிய சாப்பாடு. காலைச் சீனி எகிறுவதில் அதற்கும் பங்குண்டு. அதில் ஒரு பங்கைப் பகலுக்கு மாற்ற முடிந்தால், மருந்தைக் கூட்டாமலேயே வித்தியாசம் தெரியும்.

கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருந்து இதை வாசிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவுக்கு மெலியும் ஊசி வாங்கி அனுப்பலாமா என்று யோசிப்பதற்கு முன், அடுத்த கிளினிக் நாளில் ஒருமுறை அவரோடு போங்கள். காலையில் எத்தனை மணிக்கு மாத்திரை போடுகிறார், எத்தனை மணிக்கு, என்ன சாப்பிடுகிறார், எத்தனை மணிவரை மலையில் நிற்கிறார் என்பதைக் கிளினிக் கொப்பியில் எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்தின் வகையையும் நேரத்தையும் அதற்கேற்ப மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

அவரது பையில் சீனி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.